புதுப்பிப்பு: பாதியில் வைத்த நாவலை முடித்துவிட்டேன்

அமெரிக்க எழுத்தாளர் உர்சுலா லெ குவினின் கற்பனை உலக நாவலான ‘எர்த்சீயின் மந்திரவாதி’ (1968) மிக மெதுவாக நகர்கிறது என்று சொல்லி, 40 பக்கங்களோடு நிறுத்திவிட்டதாகச் சென்ற மாதம் எழுதியிருந்தேன். அந்தக் கருத்தைத் திரும்பப் பெறுகிறேன். தன் செருக்கால் அவிழ்த்துவிட்ட நிழலுக்கு அஞ்சி ஓடிய இளம் மந்திரவாதி கெட், கடைசியில் கடலின் எல்லையில் அதைத் தன் சொந்தப் பெயராலேயே அழைக்கும் இடத்தை, தருமபுரியிலிருந்து கிருஷ்ணகிரிக்குப் போகும் பேருந்தில் படித்தேன். காரிமங்கலம் தாண்டியதுகூடத் தெரியாமல், விரலை அந்தப் பக்கத்திலேயே வைத்தபடி உட்கார்ந்திருந்தேன்.

இந்த எர்த்சீ தொடரின் இரண்டாம் நாவல் இன்னும் ஆழமானது. சிறு வயதிலேயே பெயர் பறிக்கப்பட்டு, இருட்டுக்குப் பூசாரியாக வளர்க்கப்பட்ட டெனார், விடுதலை கிடைத்த பிறகு, வீணாய்ப் போன ஆண்டுகளை எண்ணி அழுகிறாள். இந்தத் தொடரைச் சிறுவர் கதை என்று ஒதுக்கியது என் தவறு. அக்கா மகளுக்கு அந்த இரண்டாம் நாவலைத்தான் முதலில் கொடுத்திருக்கிறேன்.