காரைக்கால் ரேடார் படமும் களத்து நெல்லும்

கேள்வி: குறுவை நெல்லைக் களத்தில் காயப்போட்டுவிட்டுக் காரைக்கால் வானிலை ரேடார் படத்தையே பார்த்துக்கொண்டிருக்கிறேன். நேற்று தஞ்சாவூர்ப் பக்கம் மழை காட்டியும் தார்ப்பாயில் ஒரு துளிகூட விழவில்லையே, ஏன் ஐயா?

பதில்: ரேடார் அனுப்பும் நுண்ணலை, துளிகளில் பட்டுத் திரும்பும் நேரம் தொலைவையும், திரும்பும் வலிமை மழையின் அளவையும் உணர்த்துகிறது. துளியின் விட்டம் இரு மடங்கானால் எதிரொலி 64 மடங்காகும். தஞ்சாவூர் ஏறத்தாழ 80 கி.மீ. தள்ளி இருப்பதால், தரைமட்டத்திலிருந்து 0.5 பாகை மேல்நோக்கிச் செல்லும் ரேடார் அலைக்கற்றை அங்கே சுமார் 1 கி.மீ. உயரத்தில் உள்ள துளிகளைத்தான் பார்க்கிறது; அவை தரையைத் தொடுமுன் ஆவியாகியிருக்கலாம்.

இன்னொரு பதில்: காரைக்காலில் இருப்பது எஸ் பேண்ட் (ஒரு நுண்ணலை அலைவரிசை) ரேடார், அலைநீளம் சுமார் 10 செ.மீ., அதிர்வெண் 3 கிகாஹெர்ட்சுக்குச் சற்றுக் குறைவு. 3 செ.மீ. எக்ஸ் பேண்ட் அலைகள் கனமழைக்குள் வலுவிழந்துவிடுவதால், புயல் கரைகடக்கும் நம் கடற்கரைக்கு எஸ் பேண்டே பொருத்தம் என்பேன்.

கேட்டவர்: மிக்க நன்றி. இனி ஒரே படத்தை நம்பாமல், அடுத்தடுத்த படங்களில் மேகம் நகரும் திசையையும் பார்க்கிறேன்.