78-ஆம் எண் காரை நான் கவனிக்காத வருடமும் கவனித்த வருடமும்

நாங்கள் இருப்பது நியூ ஜெர்சியில். பென்சில்வேனியாவின் போக்கோனோ பந்தயத் தடம் காரில் இரண்டு மணி நேரம். 2014 ஜூனில் அலுவலக நண்பர் ஒருவர் வற்புறுத்திக் கூட்டிப்போனார். எனக்கு அதுதான் முதல் நாஸ்கார் (அமெரிக்காவில் கார் பந்தயத் தொடர்களை நடத்தும் அமைப்பு) பந்தயம். காதடைப்பான் வாங்கிக்கொள் என்று அவர் சொன்னபோது சிரித்தேன். 43 கார்கள் கூட்டமாகக் கடந்துபோனதும் சிரிப்பு நின்றுவிட்டது. நெஞ்சுக்குள்ளேயே தவில் வாசிக்கிற மாதிரி இருந்தது.

அன்று முன்னால் ஓடிக்கொண்டிருந்த பிராட் கெசலோவ்ஸ்கியின் கார் மூக்கில் குப்பை ஒட்டிக்கொள்ள, இன்ஜின் சூடேறியது. டேல் எர்ன்ஹார்ட் ஜூனியர் முந்திப்போய் ஜெயித்தார். இது மட்டும்தான் நினைவிருக்கிறது. 78-ஆம் எண் கறுப்புக் கார் எங்கே ஓடியது என்று கேட்டால் சத்தியமாகத் தெரியாது. அதை ஓட்டுபவர் நம் மாநிலத்துக்காரர், மேயெட்டாவைச் சேர்ந்தவர் என்று நண்பர்தான் காட்டினார். பெயர் மார்ட்டின் ட்ரூயெக்ஸ் ஜூனியர். அப்பாவும் பந்தயம் ஓட்டியவர். குடும்பத்துக்கு மட்டி பிடித்து விற்கும் தொழில். நான் தலையாட்டிவிட்டு ஹாட் டாக் வாங்கப் போய்விட்டேன்.

அந்த வருடம் முழுக்க அவர் முன்னிலையில் ஓடியது ஒரே ஒரு சுற்று. முதல் பத்துக்குள் முடித்தது 36 பந்தயங்களில் 5 முறை. புள்ளிப் பட்டியலில் 24-ஆவது இடம். முந்தைய வருடம் சொனோமாவில் ஜெயித்தவர் அவர். ஆனால் அதே 2013 செப்டம்பரில், ரிச்மண்டில் அவருடைய அப்போதைய டீம் முடிவை வளைக்கப் பார்த்ததாக நாஸ்கார் தண்டித்தது. பட்டத்துக்கான கடைசிக் கட்டமான பிளேஆஃபில் இடம் பறிபோனது, பெரிய விளம்பரதாரர் விலகினார், இவருக்கு வேலை போயிற்று. டென்வரில் இருந்த சின்ன டீம் ஒன்றுதான் சேர்த்துக்கொண்டது. 2014 ஆகஸ்டில் அவருடைய துணைவி ஷெரி பாலெக்ஸுக்குக் சினைப்பைப் புற்றுநோய் என்று தெரியவந்தது. அந்த ஆண்டில் பந்தய முடிவெல்லாம் அவருக்கு எம்மாத்திரம்!

2015 ஜூன் 7. அதே நண்பர், அதே பார்வையாளர் வரிசை. இந்தத் தடவை ஓட்டுநரும் டீமும் பேசிக்கொள்வதைக் கேட்கும் ரேடியோ ஸ்கேனர் வாடகைக்கு எடுத்து 78-இன் அலைவரிசையையே வைத்துக்கொண்டேன். போக்கோனோ முக்கோணத் தடம், ஒரு சுற்று இரண்டரை மைல். மூன்று வளைவும் மூன்று விதம். ஒன்றுக்குத் தோதாகக் காரை அமைத்தால் இன்னொன்றில் மூக்கு திரும்பாது, இல்லை பின்பக்கம் வழுக்கும். அதனால் ஓட்டுநர் உணர்வதைச் சொல்ல, க்ரூ சீஃப் (காரை அமைக்கும் குழுவின் தலைவர்) அதைப் புரிந்துகொண்டு பிட்டில் (பந்தய நடுவில் கார் நிற்கும் இடத்தில்) திருத்த, இந்தப் பேச்சுதான் பந்தயமே. கேட்டபோது எனக்குப் பாதி விளங்கவில்லை. ஆனால் பேச்சு குறைவாக இருந்தது, பதற்றம் இல்லை. 160 சுற்றுகளில் 97 சுற்று அவர்தான் முன்னிலை. கெவின் ஹார்விக் கடைசிவரை துரத்தியும் பிடிக்க முடியவில்லை. 69 பந்தயமாக வராத வெற்றி! நான் தொண்டை கட்டும் அளவுக்குக் கத்தினேன். முந்தின வருடம் ஹாட் டாக் வாங்கப் போன அதே ஆள்தான்.

மாறியது என்ன? டீமில் இன்ஜினியராக இருந்த கனடாக்காரர் கோல் பெர்ன் 2015-க்கு க்ரூ சீஃப் ஆனார். ஒரு வருடம் ட்ரூயெக்ஸ் சொன்னதையெல்லாம் பக்கத்தில் இருந்து கேட்டவர். எனக்கென்னவோ பாதி விடை அங்கேதான் இருக்கிறது.

உங்களில் யாராவது அந்த இரண்டு வருடங்களில் அவரைப் பார்த்திருந்தால் சொல்லுங்கள்.

டென்வரிலிருந்து

நான் பந்தயமே பார்க்கிறவன் இல்லை. ஆனால் மெத்தை வாங்கப் போய் இந்த 78-இல் மாட்டிக்கொண்டவன். அப்போது டீமின் முதலாளியாக இருந்த பார்னி விஸ்ஸர்தான் நான் மெத்தை வாங்கப் போன மரச்சாமான் கடைகளுக்கும் முதலாளி. கடையில் கார் படம் மாட்டியிருந்தது, ஏதோ தள்ளுபடி விளம்பரம் என்று நினைத்தேன். விற்பனைப் பையன் மெத்தையை விட்டுவிட்டு அரை மணி நேரம் காரைப் பற்றியே பேசினான். மற்ற டீம்கள் எல்லாம் சார்லட்டைச் சுற்றி ஒரே பேட்டையில் இருக்க, இவர்கள் மட்டும் ஆயிரத்து ஐந்நூறு மைலுக்கு அப்பால் மலையடிவாரத்தில் இருந்தார்கள். ஆள் கிடைப்பது கஷ்டம், ஆனால் வந்தவர்கள் சட்டென்று வேறு டீமுக்குத் தாவவும் முடியாது. ஒரு வருடம் ஒன்றாக இருந்தவர்கள் அடுத்த வருடமும் இருந்தார்கள். மெத்தை நன்றாகத்தான் இருக்கிறது.

சார்லட்டிலிருந்து

போக்கோனோவுக்கு இரண்டு வாரம் முன்னால் இங்கே 600 மைல் பந்தயத்துக்கு நானும் கணவரும் போயிருந்தோம். ட்ரூயெக்ஸ் 131 சுற்று முன்னிலை, ஆனாலும் கடைசியில் எரிபொருளை மிச்சம்பிடித்த கார்ல் எட்வர்ட்ஸ் ஜெயித்துவிட்டார். எனக்கு அழுகையே வந்தது. அடுத்த வருடம் அதே பந்தயத்தில் ட்ரூயெக்ஸ் 400-இல் 392 சுற்று முன்னிலை வகித்து ஜெயித்தார். உண்மையைச் சொன்னால் நான் நடுவில் தூங்கிவிட்டேன்.

ஒரு சந்தேகம். 2015-இல் விதிகளும் மாறினவே. இன்ஜின் சக்தியைச் சுமார் 725 குதிரைத்திறனுக்குக் குறைத்தார்கள், பின் ஸ்பாய்லரும் (காற்றின் விசையால் காரைத் தரையோடு அமுக்கும் தகடு) சிறியதானது. ஓட்டுபவர் திறமை கூடியதா, விதி அவருக்குத் தோதாக அமைந்ததா?

முதலில் எழுதியவன்

விதி உதவியிருக்கலாம் அக்கா. ஆனால் விதி எல்லாருக்கும் ஒன்றுதானே. 78-இன் டீமுக்குக் கார் சட்டகமும் தொழில்நுட்ப உதவியும் தந்தது ரிச்சர்ட் சில்ட்ரஸ் டீம். அந்த டீமின் மூன்று கார்களும் 2015-இல் நாஸ்காரின் உச்சத் தொடரான கப் தொடரில் ஒரு பந்தயம்கூட ஜெயிக்கவில்லை. சரக்கு வாங்கிய டீமின் ட்ரூயெக்ஸோ, ஹோம்ஸ்டெடில் நடந்த வருடத்தின் கடைசிப் பந்தயத்தில் பட்டத்துக்கு மிஞ்சிய நால்வரில் ஒருவராக ஓடினார். கொடுத்தவர்கள் வேடிக்கை பார்த்தார்கள்.