துக்க வீட்டில் இந்த வருடம் ஸ்டார் கட்டலாமா?

தேரிமண்

அப்பா ஆகஸ்டில் தவறிவிட்டார். எங்கள் ஊர் நாசரேத் பக்கம். டிசம்பர் ஒன்றாம் தேதி சாயங்காலம் ஏணியைச் சாத்தி, மொட்டைமாடிக் கம்பத்தில் ஸ்டார் கட்டுவது அப்பாவின் வேலை. மூங்கிலைக் கிழித்துச் சட்டம் கட்டி, கலர் பேப்பர் ஒட்டி அவரே செய்ததுதான். அடுப்பில் மைதாப் பசை காயும் வாசனை வந்தால் எங்களுக்குக் கிறிஸ்துமஸ் வந்துவிட்டது என்று அர்த்தம். நான் சென்னைக்கு வேலைக்கு வந்த பிறகும் அதே ஸ்டாரைத்தான் பேப்பர் மாற்றி மாற்றிக் கட்டிக்கொண்டிருந்தார்.

இந்த வருடம் பெரியப்பா போன் செய்து சொல்லிவிட்டார். துக்க வீடு, ஸ்டார் கட்டக் கூடாது, பலகாரம் சுடக் கூடாது, புதுத்துணி கிடையாது, மீறினால் ஊர் என்ன பேசும் என்கிறார். தம்பியும் அவர் பக்கம்.

எனக்கு மனசு ஒப்பவில்லை. வேதத்தில் எபிரெயர் 2:14, 15 வசனங்களைத் திரும்பத் திரும்ப வாசிக்கிறேன். இயேசு நம்மைப்போல மாம்சமும் இரத்தமும் உடையவரானது எதற்கு என்று அங்கே தெளிவாக இருக்கிறது. மரணபயத்தினால் வாழ்நாளெல்லாம் அடிமைப்பட்டுக் கிடக்கிறவர்களை விடுதலையாக்கத்தான். அப்படியென்றால் மரணம் நடந்த வீட்டுக்குத்தானே அந்தப் பிறப்பு முதலில் சொந்தம்? அந்த வீட்டை மட்டும் ஒரு வருடம் வெளியே நிறுத்துவது என்ன நியாயம்? எனக்குக் கட்ட வேண்டும். நான் நினைப்பது தப்பா?

பழைய கோயில்மணி

மகளே, அப்பா போன வருடத்து முதல் கிறிஸ்துமஸ் எவ்வளவு கனமானது என்று எனக்குத் தெரியும். ஆனாலும் உன் பெரியப்பா பக்கம்தான் நான் நிற்கிறேன். ஊர் பேசுமே என்ற பயத்தில் சொல்லவில்லை.

நான் ஓய்வுபெற்ற வாத்தியார். சேகரத்தில், அதாவது எங்கள் திருச்சபை வட்டாரத்தில், வீடு வீடாகப் பாடிக்கொண்டு கேரல் ரவுண்ட்ஸ் போகும் குழுவோடு நாற்பது வருடமாகப் போகிறேன். ஸ்டார் இல்லாத வீட்டைத் தூரத்தில் பார்த்ததுமே டிரம் அடிக்கிற பையன் கையை நிறுத்திவிடுவான். கிறிஸ்துமஸ் தாத்தா வேஷம் போட்டவர் முகமூடியைக் கழற்றிவிடுவார். வாசலில் நின்று மெதுவாக ஒரு பாமாலை பாடி, உபதேசியார் ஜெபம் பண்ணிவிட்டு நகர்வோம். அந்த வீட்டம்மா எங்களுக்காக டீ போட வேண்டாம், சிரித்த முகத்தோடு நிற்க வேண்டாம். பண்டிகையன்று அடுப்பு மூட்டாவிட்டாலும் நாலு வீட்டிலிருந்து முந்திரிக்கொத்தும் முறுக்கும் வந்து சேரும்.

துக்கப்படுகிறவர்களுக்கு அந்த வழக்கம் கொடுக்கிற ஓய்வு இது. நீ விடுதலையைப் பற்றிக் கேட்கிறாய். அழ வேண்டிய வருடத்தில் அழுவதற்கு அனுமதி இருப்பதும் விடுதலைதான். "கிறிஸ்தவனாயிற்றே, சந்தோஷமாக இரு" என்று துக்க வீட்டில் வந்து சொல்கிறவர்களைப் பார்த்திருக்கிறேன். அந்த நேரத்தில் அந்தச் சொல் ஆறுதலாக இருக்காது, பாரமாகத்தான் இருக்கும்.

திறந்த வேதம்

சிஸ்டர், உங்கள் இழப்புக்காக ஜெபிக்கிறேன். ஆனால் இருவருமே முதல் கேள்வியைத் தாண்டிவிட்டீர்கள். டிசம்பர் 25 வேதத்தில் எங்கே இருக்கிறது? அந்தத் தேதியில் பிறந்தார் என்று நமக்குக் கிடைத்திருக்கிற பழைய பதிவு ரோமில் 354ஆம் ஆண்டில் தொகுத்த ஒரு நாட்காட்டியில் இருக்கிறது. அதே ரோமில் அதே நாளில் சூரியனுக்கும் விழா இருந்தது. அப்போஸ்தலர்கள் யாரும் இந்த நாளைக் கொண்டாடியதாக ஒரு வரி கிடையாது. "நாட்களையும் மாதங்களையும் காலங்களையும் வருஷங்களையும் பார்க்கிறீர்களே" என்று கலாத்தியர் 4:10இல் பவுல் வருத்தப்படுகிறார்.

எங்கள் சபையில் கிறிஸ்துமஸ் கொண்டாடுவதில்லை. என் அம்மா ஒரு டிசம்பர் 19ஆம் தேதி இறந்தார். அடக்கம் முடிந்தது, 25 வந்தது, போனது. ஸ்டார் கட்டவா வேண்டாமா என்ற குழப்பமே எங்கள் வீட்டுக்குள் வரவில்லை. நான் அனுபவித்த விடுதலை அது.

மூன்றாம் பெஞ்ச்

திறந்த வேதம் பிரதர், அம்மாவின் இழப்புக்கு வருந்துகிறேன். ஆனால் தேதி விஷயம் அவ்வளவு நேராக இல்லை. மார்ச் 25இல் கருவுற்றார் என்று வைத்து ஒன்பது மாதம் எண்ணித்தான் டிசம்பர் 25க்கு வந்தார்கள் என்று சொல்கிற வரலாற்று ஆய்வாளர்களும் உண்டு. அர்மீனிய சபை இன்றைக்கும் ஜனவரி 6இல்தான் கொண்டாடுகிறது. எந்தத் தேதியானாலும் பிறந்தார் என்பதில் யாருக்கும் சண்டை இல்லை.

கலாத்தியர் 4:10ஐ எடுத்தீர்கள். அதே அதிகாரத்தில் கொஞ்சம் மேலே 4, 5 வசனங்களையும் வாசியுங்கள். காலம் நிறைவேறினபோது ஸ்திரீயிடத்தில் பிறந்தார், நியாயப்பிரமாணத்துக்குக் கீழ்ப்பட்டிருந்தவர்களை மீட்டுக்கொள்ளப் பிறந்தார் என்றிருக்கிறது. பவுல் அங்கே சொல்கிற கிறிஸ்துமஸ் செய்தியே அதுதான். நாளைக் கொண்டாடினால்தான் நீதிமான் என்று சொன்னால் அது நுகம். கொண்டாடாவிட்டால்தான் நீதிமான் என்று சொன்னால் அதுவும் நுகம். 1647இல் இங்கிலாந்துப் பாராளுமன்றம் கிறிஸ்துமஸைத் தடை செய்தது. 1659இல் அமெரிக்காவில் மாசசூசெட்ஸ் குடியேற்றத்தில், அந்த நாளைக் கொண்டாடினால் ஐந்து ஷில்லிங் அபராதம் என்று சட்டமே போட்டார்கள். போட்டவர்கள் உங்களைப்போலவே வேதத்தை நேசித்தவர்கள்தான். அந்தச் சட்டத்தை 1681இல் எடுத்துவிட்டார்கள். ஒருவர் ஒரு நாளை விசேஷமாக எண்ணுகிறார், இன்னொருவர் எல்லா நாளையும் சமமாக எண்ணுகிறார் என்று ரோமர் 14:5 இருக்கும்போது, ஒருவர் எண்ணுகிற நாளுக்கு இன்னொருவர் அபராதம் போட முடியாது.

கோயில்மணி சார், உங்களுக்கும் ஒன்று. நீங்கள் சொன்ன வாசல் ஜெபம் மிக அழகு, அதைக் குறை சொல்ல மாட்டேன். ஆனால் ஒரு வருடம் விளக்கு ஏற்றாதே, நல்லது கெட்டதில் முன்னால் வந்து நிற்காதே என்பது தீட்டு என்ற எண்ணத்திலிருந்து வந்தது. நாம் அதைக் கழற்றாமல் கோயிலுக்குள் கொண்டுவந்துவிட்டோம். நாயீன் ஊரில் இயேசு பாடையைத் தொட்டார். தொட்டால் தீட்டு என்று இருந்த காலத்தில், ஊரே பார்க்கத் தொட்டார்.

வார்டு விளக்கு

தீட்டு என்ற வார்த்தையைப் பார்த்ததும் எழுதாமல் இருக்க முடியவில்லை.

என் அத்தைக்கு முப்பத்தெட்டு வயதில் மாமா போய்விட்டார். அதுவரை பாடகர் குழுவில் முதல் வரிசை. முதல் கிறிஸ்துமஸுக்கு அவரைப் பாட அழைக்கவில்லை, ஒரு வருடம் போகட்டும் என்றார்கள். அடுத்த வருடமும் யாரும் அழைக்கவில்லை, அவரும் கேட்கவில்லை. ஆரஞ்சுச் சேலை ஒன்று அவருக்குப் பிடிக்கும், அதை எனக்குக் கொடுத்துவிட்டார். விடியற்காலை ஆராதனைக்குக் கடைசியில் வந்து, தூணுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து, முதலில் எழுந்து போவார். அந்த ஒரு வருட வழக்கம் அவருக்கு ஆயுசு முழுக்க நீண்டுவிட்டது.

ஆனால் மனைவி போன வீட்டில் ஆண்கள் அடுத்த வருடமே புதுச்சட்டை போட்டுக்கொண்டு முன் பெஞ்சில் உட்காருகிறார்கள். அவர்களை யாரும் ஒன்றும் சொல்வதில்லை. அதனால் வழக்கம் ஓய்வு கொடுக்கிறது என்று கோயில்மணி சார் சொல்வதை என்னால் முழுதாக ஏற்க முடியவில்லை. யாருக்கு ஓய்வு, யாருக்கு விலங்கு என்று பார்க்க வேண்டும்.

தேரிமண், உன்னிடம் ஒரு கேள்வி. நீ, பெரியப்பா, தம்பி என்று எல்லாருடைய கருத்தும் எழுதியிருக்கிறாய். அந்த வீட்டில் தினமும் இருக்கப்போவது அம்மாதானே. அம்மா என்ன சொல்கிறார்?

பழைய கோயில்மணி

வார்டு விளக்கு எழுதியதை இரண்டு முறை வாசித்தேன். எங்கள் பாடகர் குழுவிலும் அப்படி ஒருவர் இருந்தார். நாங்களும் அழைக்கவில்லை. அது தவறு, அதற்கு நான் வாதாட மாட்டேன்.

ஆனால் துக்கம் காக்கிற எல்லாவற்றையும் தீட்டு என்று சொல்வது சரியில்லை. இறந்துபோன லாசருவை உயிரோடு எழுப்பப்போகிறோம் என்று தெரிந்தே இயேசு கண்ணீர் விட்டார். உடனே வெளிச்சத்தைப் போடு, உடனே பாடு என்று அவர் லாசருவின் சகோதரிகள் மார்த்தாளிடமும் மரியாளிடமும் சொல்லவில்லை. ஸ்டார் கட்டினால் டிரம் சத்தத்தோடு ஐம்பது பேர் வாசலுக்கு வருவார்கள், மகளே. உன் அம்மா அந்தக் கூட்டத்துக்கு முன்னால் நிற்க வேண்டும். அதற்குத் தயாரா என்று யோசி.

கடலோரம்

எங்கள் ஊர் கன்னியாகுமரிக் கடற்கரை. கத்தோலிக்கர். 2004 கிறிஸ்துமஸுக்கு மறுநாள் ஞாயிற்றுக்கிழமை காலை கடல் உள்ளே வந்தது. குடில்கூட அப்போது கலைக்காமல் இருந்தது. 2005 டிசம்பரில் ஊரில் பாதிக்கு மேல் துக்க வீடு. அந்த வருடம் சில வீடுகளில் நட்சத்திரம் எரிந்தது, சில வீடுகளில் இல்லை. ஏன் கட்டினாய், ஏன் கட்டவில்லை என்று ஒருவர் வாசலிலும் இன்னொருவர் போய்க் கேட்கவில்லை. நள்ளிரவுத் திருப்பலியில் "உன்னதங்களிலே" பாட ஆரம்பித்தபோது பாதிப் பேருக்குக் குரல் வரவில்லை. வந்தவர்கள் வராதவர்களுக்கும் சேர்த்துப் பாடினார்கள்.

எங்கள் திருவழிபாட்டு நாட்காட்டியில் டிசம்பர் 26 அன்று, விசுவாசத்துக்காக முதலில் உயிர்விட்ட மறைசாட்சி ஸ்தேவான், 28 ஏரோது கொன்ற பெத்லகேம் குழந்தைகள். பிறப்பு விழாவை ஒட்டியே இரண்டு சாவு. மத்தேயு பிறப்பை எழுதிய கையோடு, பிள்ளைகளைப் பறிகொடுத்த ராகேல் ஆறுதல் பெற மறுத்து அழுவதையும் எழுதுகிறார். ஆகவே துக்க வீட்டுக்கு இந்தப் பெருநாளில் இடம் உண்டா என்பது எனக்குக் கேள்வியே இல்லை. இடம் ஏற்கெனவே உள்ளே இருக்கிறது. கட்டினாலும் உள்ளேதான், கட்டாவிட்டாலும் உள்ளேதான்.

திறந்த வேதம்

மூன்றாம் பெஞ்ச் பிரதர், ரோமர் 14ஐ ஏற்கிறேன். கொண்டாடுகிறவரை நான் நியாயந்தீர்க்கக் கூடாது, அப்படித் தொனித்திருந்தால் மன்னியுங்கள்.

ஆனால் சிஸ்டரிடம் ஒரு கேள்வி பாக்கி இருக்கிறது. எபிரெயர் 2:14 டிசம்பரில் மட்டும் உண்மையில்லையே. ஆகஸ்டில் அப்பாவை அடக்கம் செய்த அன்றே அது உண்மை. அன்று எந்த ஸ்டாரும் எரியவில்லை, அதனால் அந்த வசனத்தின் பலம் குறைந்துவிட்டதா? மூங்கிலும் பேப்பரும் இல்லாமல் நிற்கிற சந்தோஷம்தான் கிறிஸ்தவ சந்தோஷம்.

தேரிமண்

பிரதர், நீங்கள் கேட்டது நியாயமான கேள்வி. உண்மையைச் சொல்கிறேன். ஆகஸ்டில் அந்த வசனத்தைப் போதகர் கல்லறையில் வாசித்தாராம். தம்பி சொல்லித்தான் எனக்குத் தெரியும். எனக்கு ஒரு வார்த்தையும் காதில் விழவில்லை. கயிறு இறங்குகிற சத்தம் மட்டும்தான் ஞாபகம் இருக்கிறது. அதற்குப் பிறகு மூன்று மாதம் வேதத்தைத் திறக்கவில்லை. நவம்பரில் தி. நகரில் ஒரு கடை வாசலில் ஸ்டார் தொங்குவதைப் பார்த்து நடுத்தெருவில் நின்று அழுதேன். அன்று ராத்திரி ஹாஸ்டலில் வேதத்தை எடுத்தேன். அப்போதுதான் எபிரெயர் கண்ணில் பட்டது.

வசனம் எல்லா நாளும் உண்மைதான். நான்தான் எல்லா நாளும் அதைக் கேட்கிற நிலையில் இல்லை. வருடத்தில் ஒரு நாளைக் குறித்துவைத்து, மூங்கிலும் பேப்பரும் வைத்தாவது என்னைத் திரும்பிப் பார்க்கவைக்க எனக்கு ஒன்று வேண்டும். உங்களுக்கு வேண்டாமென்றால் உங்களுக்கு அந்தப் பலம் இருக்கிறது. எனக்கு இல்லை.

கோயில்மணி சார், கூட்டத்துக்கு முன்னால் நிற்பதைப் பற்றிச் சொன்னீர்கள். அதை நான் யோசிக்கவே இல்லை. என்னுடைய ஏக்கத்தை அம்மா தலையில் வைக்கப் பார்த்தேனோ என்று பயமாக இருக்கிறது. வார்டு விளக்கு அக்கா, அம்மாவிடம் நான் கேட்கவில்லை. போன வாரம் போனில் அவராகவே, "அந்த ஸ்டாரு பரண்ல கிடக்கு, எலி கடிச்சிருக்கோ என்னவோ" என்று ஒரு வார்த்தை சொன்னார். அதோடு வேறு பேச்சுக்குப் போய்விட்டார். இன்று ராத்திரி கேட்கிறேன்.

மூன்றாம் பெஞ்ச்

கேளுங்கள் சிஸ்டர். அதற்குள் ஒரு சின்ன விஷயம். ஜெர்மனியில் மொராவிய சபையார் (ஒரு புராட்டஸ்டன்ட் சபை) 19ஆம் நூற்றாண்டில் தங்கள் உறைவிடப் பள்ளிகளில் காகித நட்சத்திரம் செய்தார்கள். கணக்குப் பாடத்தில் வடிவியல் பயிற்சியாகத் தொடங்கியது அது. அங்கே இருந்த பிள்ளைகளில் பலருடைய அப்பா அம்மா தூர தேசங்களில் மிஷனரிகள். பண்டிகைக்குப் பெற்றோர் பக்கத்தில் இல்லாத பிள்ளைகள் உட்கார்ந்து ஒட்டிய நட்சத்திரம். உங்கள் பதிவை வாசித்ததும் அது நினைவுக்கு வந்தது.

தேரிமண்

அம்மாவிடம் பேசிவிட்டேன். கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. அப்புறம் சொன்னார்: "ஸ்டாரு கட்டு. பலகாரம் என்னால சுட முடியாது, கைக்குத் தெம்பு இல்ல. ரவுண்ட்ஸ் வந்தா டிரம் வேண்டாம்னு சொல்லிரு. ஆனா வாசல்ல நான் நிப்பேன். உங்க அப்பா பாடுத பாட்டைப் பாடச் சொல்லு."

பெரியப்பாவிடம் அவரே பேசிக்கொள்வாராம். ஆரஞ்சுச் சேலை அத்தையைப் பற்றியும் சொன்னேன். "அவள இந்த வருஷமாவது பாடச் சொல்லணும், யாராவது போய்க் கூப்பிடுங்க" என்றார்.

நான் முப்பதாம் தேதி ஊருக்குப் போகிறேன். தம்பி பரணிலிருந்து ஸ்டாரை இறக்கி போட்டோ அனுப்பியிருக்கிறான். மூங்கில் நன்றாக இருக்கிறது, இரண்டு கொம்பில் பேப்பரை எலி கடித்திருக்கிறது. பசை காய்ச்ச யாருக்காவது அளவு தெரியுமா? அப்பா செய்வதைப் பார்த்திருக்கிறேனே தவிர ஒருநாளும் கேட்டுவைத்துக்கொள்ளவில்லை.

வார்டு விளக்கு

அத்தையைக் கூப்பிட ஞாயிற்றுக்கிழமை நானே போகிறேன். அம்மாவிடம் சொல்.

பழைய கோயில்மணி

என் கருத்து இன்னும் அப்படியேதான் இருக்கிறது, மகளே. ஆனால் உன் அம்மா சொன்ன பிறகு நான் பேச இடமில்லை.

இரண்டு கை மைதா. முதலில் பச்சைத் தண்ணீரில் கட்டியில்லாமல் கரைத்துக்கொள். பிறகு நாலு டம்ளர் தண்ணீர் ஊற்றிச் சிறு தீயில் வைத்துக் கிண்டிக்கொண்டே இரு. வெள்ளை நிறம் போய்க் கண்ணாடி மாதிரி ஆனதும் இறக்கு. சூட்டோடு ஒரு சிட்டிகை மயில்துத்தம் போட்டால் பூச்சி அரிக்காது. அது விஷம், சின்னப் பிள்ளைகள் கை வைக்காமல் பார்த்துக்கொள், அந்தச் சட்டியைச் சமையலுக்கு எடுக்காதே. பேப்பரை ஒட்டிய பிறகு வெயிலில் வைக்காதே, சுருங்கிவிடும். நிழலில் ஒரு ராத்திரி காயட்டும்.