ஸ்கேல் குடாவில் தனியே கிடந்த கடல்நாய்க்குட்டி: அங்கே போனவர்கள் உங்கள் அனுபவத்தையும் எழுதுங்கள்

அல்சூர் ஏரிக்கரை

ஸ்காட்லாந்துக்கு வடக்கே உள்ள ஆர்க்னித் தீவுகளுக்குப் போய்வந்தவர்கள் பெங்களூர்க்காரர்களான நம்மில் சிலர் இருக்கிறீர்கள் என்பதால் விசா, விமானம், கப்பல் பற்றியெல்லாம் எழுதப் போவதில்லை. 2023 ஜூன் கடைசி வாரத்தில், எடின்பரோவில் பணியிலிருந்த என் தம்பியோடு நானும் அப்போது ஒன்பது வயதான என் மகளும் அங்கே போயிருந்தோம். ஸ்கேல் குடாவின் கரையில் உள்ள ஸ்காரா பிரே என்னும் கற்காலக் குடியிருப்பைப் பார்த்து முடித்த பிறகு தம்பி காரிலேயே தூங்கிவிட்டான். நாங்கள் இருவரும் குடாவின் வளைவையொட்டி மணலில் நடந்தோம். இரவு ஒன்பது மணி. ஆனாலும் நம் ஊரில் மாலை ஐந்து மணிக்கு அடிப்பது போன்ற வெயில். அந்த மாதத்தில் அங்கே பத்தரை மணிவாக்கில்தான் பொழுது சாய்கிறது.

கரையில் ஒதுங்கிய கடற்பாசிக் குவியலுக்கு அப்பால் சாம்பல் நிறத்தில் ஏதோ கிடந்தது. பாறை என்று நினைத்து நெருங்கியபோது அது தலையைத் தூக்கியது. கடல்நாய்க்குட்டி. நம் வீட்டுத் திண்டுத் தலையணை அளவே இருந்தது, உடம்பெங்கும் கரும்புள்ளிகள். மூக்கின் இரண்டு துளைகளும் கோடு போல இறுக மூடிக்கொள்வதும், மூச்சு விடும்போது மட்டும் திறப்பதுமாக இருந்தன. கண்களுக்குக் கீழே ஈரக் கோடு இறங்கியிருந்தது. "அம்மா, அது அழுகிறது" என்றாள் மகள். அதே நேரத்தில் அது கன்றுக்குட்டியைப் போல ஒரு குரல் கொடுத்தது. நான் பதறிவிட்டேன். தாயை இழந்த குட்டி, வெயிலில் காய்கிறது என்றுதான் எனக்குத் தோன்றியது. மகளின் பையிலிருந்த தண்ணீர் பாட்டிலை வாங்கி, இரண்டடி தூரத்தில் குத்திட்டு உட்கார்ந்து, அதன் முதுகில் கொஞ்சம் கொஞ்சமாக ஊற்றினேன். அது பின்னால் நகர்ந்து, வாயைத் திறந்து சீறியது.

அப்போது தொலைவில் நாயோடு வந்துகொண்டிருந்த ஒரு மூதாட்டி இரண்டு கைகளையும் மேலே தூக்கி வீசி எங்களைப் பின்வாங்கச் சொன்னார். அருகில் வந்தும் அவர் கோபப்படவில்லை; கடலைச் சுட்டிக் காட்டினார். அலைகளுக்கு நடுவே ஒரு தலை மட்டும் அசையாமல் எங்களையே பார்த்துக்கொண்டிருந்தது. நாங்கள் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்த நேரம் முழுவதும் அந்தத் தாய் அங்கேதான் நின்றிருக்க வேண்டும்.

சாலை வரை திரும்பி வந்து காருக்குள் உட்கார்ந்து காத்திருந்தோம். பத்து மணிக்குக் கடலிலிருந்து மூடுபனி ஏறி வந்து குடாவையே மறைத்துவிட்டது. மறுநாள் விடியற்காலை போனபோது, ஓதம் ஏறி இறங்கி மணலைத் துடைத்து வைத்திருந்தது. தாய் வந்ததா, வரவில்லையா என்பது இன்றுவரை எனக்குத் தெரியாது. மகள் அதைப் பற்றி இன்னும் கேட்கிறாள்.

ஜெயநகர் நான்காவது பிளாக்

சகோதரி மன்னிக்க வேண்டும், ஆனால் சொல்லாமல் இருக்க முடியவில்லை. கடல்நாய்க்கு உடம்பு ஈரமாகவே இருக்க வேண்டிய தேவை கிடையாது. அது ஓய்வெடுப்பதற்கும் உடம்பைக் காயவைப்பதற்கும்தான் கரையேறுகிறது. அழுததாக உங்கள் மகள் நினைத்ததும் அழுகை அல்ல. நமக்குக் கண்ணீர் மூக்குக்குள் வடிவதற்கு ஒரு நாளம் உண்டு, கடல்நாய்களுக்கு அது இல்லை; அதனால் நலமாக இருக்கும் குட்டிக்கும் கண்ணீர் கன்னத்தில்தான் வழியும்.

இதை உபதேசமாகச் சொல்லவில்லை, நானும் அதே தவற்றைச் செய்தவன். ஸ்கேலுக்குத் தெற்கே சில கிலோமீட்டரில் உள்ள யெஸ்னபி செங்குத்துப் பாறைகளின் விளிம்பில் படுத்து எட்டிப் பார்த்தபோது, கைக்கெட்டும் தூரத்தில் வெண்பஞ்சுக் குஞ்சு ஒன்று தனியே உட்கார்ந்திருந்தது. பூல்மார் என்னும் கடற்பறவையின் குஞ்சு. பாவம் என்று கைபேசியை நீட்டினேன். அது கழுத்தை முன்னே எறிந்து, வயிற்றிலிருந்த எண்ணெயை என் முகத்தில் உமிழ்ந்தது. அழுகிய மீன் நாற்றம். அந்த ஜாக்கெட்டை மூன்று முறை துவைத்தும் போகாமல் கடைசியில் எறிந்துவிட்டேன். வேட்டைப் பறவையின் இறகில் அந்த எண்ணெய் பட்டால் இறகு ஒட்டிக்கொண்டு அதனால் பறக்க முடியாமல் போகும். அந்தக் குஞ்சுக்கு இருப்பது அந்த ஓர் ஆயுதம்தான், அதை நான் வீணாக்க வைத்தேன் என்பதுதான் எனக்கு இன்னும் உறுத்துகிறது.

இனிப் போகிறவர்களுக்காகச் சிலவற்றை எழுதுகிறேன். பொதுக் கடல்நாய் என்னும் வகை ஜூன், ஜூலை மாதங்களில் குட்டி போடும். பிறந்த சில மணி நேரத்திலேயே குட்டி நீந்தும். சாம்பல் கடல்நாய்கள் இலையுதிர்காலத்தில்தான் குட்டி போடும். வெள்ளை ரோமத்தோடு பிறக்கும் அந்தக் குட்டி ஏறத்தாழ மூன்று வாரம் கரையிலேயே பால் குடிக்கும், அத்தனை நாளும் தாய் இரையில்லாமல் கிடக்கும். எந்த மாதம் போனாலும் நூறு மீட்டராவது விலகி நில்லுங்கள், கடலுக்கும் குட்டிக்கும் நடுவில் போகாதீர்கள், அதைத் தண்ணீருக்குள் விரட்டாதீர்கள். உண்மையிலேயே காயம்பட்டது போல் தெரிந்தால் பிரிட்டிஷ் டைவர்ஸ் மரைன் லைஃப் ரெஸ்க்யூ என்னும் தன்னார்வ அமைப்பைத் தொலைபேசியில் அழையுங்கள். ஆர்க்னியில் பொதுக் கடல்நாய்களின் எண்ணிக்கை இந்த நூற்றாண்டில் பெரிதும் சரிந்துவிட்டது. ஆகவே ஒவ்வொரு குட்டியும் முக்கியம். கோடை என்று நம்பி மெல்லிய உடையோடு போகாதீர்கள்; அங்கே மழை மேலிருந்து விழாது, பக்கவாட்டில் அடிக்கும், குடை ஒரு நிமிடம்கூட நிற்காது. கார் கொண்டு போவதானால் ஸ்காட்லாந்தின் வடகரையில் உள்ள ஸ்கிராப்ஸ்டரிலிருந்து ஆர்க்னியின் ஸ்ட்ரோம்னஸ் துறைமுகத்துக்குப் போகும் கப்பலில் முன்கூட்டியே இடம் பிடியுங்கள். ஒன்றரை மணி நேரப் பயணம்தான், வழியில் கடலிலிருந்து 137 மீட்டர் உயரத்துக்கு நிமிர்ந்து நிற்கும் ஹோய் கிழவன் என்னும் பாறைத்தூணைப் பார்க்கலாம்.

ஸ்ரீராமபுரம்

ஜெயநகர் ஐயா சொன்ன தகவல்கள் சரியாக இருக்கலாம். ஆனால் அந்த அம்மையார் எல்லாம் தெரிந்துகொண்டே செய்தது போன்ற தொனியில் எழுதியது எனக்குப் பிடிக்கவில்லை. தாகம் எடுத்ததோ என்று ஓர் உயிருக்குத் தண்ணீர் ஊற்றியவரிடம் முதலில் சொல்ல வேண்டியது இதுவல்ல. தவறு என்று தெரிந்ததும் அவர் விலகி வந்துவிட்டார் அல்லவா?

என்னுடையது அதே குடாவின் தென்கோடியில் நடந்தது. என் அப்பா காரைக்குடிப் பக்கத்து மர ஆசாரி. நாற்பது ஆண்டுகள் இங்கே ஸ்ரீராமபுரத்தில் பட்டறை வைத்திருந்தார். லண்டனில் இருக்கும் அண்ணன் அழைத்ததால் 2018இல் போனோம், அப்பாவின் ஒரே வெளிநாட்டுப் பயணம் அது. ஸ்காரா பிரேவின் கதை உங்களுக்குத் தெரியும்: 1850இல் ஒரு புயல் மணல்மேட்டின் புல்லை உரித்தெறிய, ஐயாயிரம் ஆண்டுப் பழைய வீடுகள் வெளிப்பட்டன, 1924இல் இன்னொரு புயல் ஒரு வீட்டின் பகுதியைக் கடலுக்குள் இழுத்துப் போனது, அதன் பிறகுதான் தடுப்புச் சுவர் கட்டி, 1928 முதல் 1930 வரை தொல்லியல் அறிஞர் கார்டன் சைல்டு அங்கே அகழாய்வு செய்தார்.

வாசலில் ஒரு வீட்டை அப்படியே மாதிரியாகக் கட்டி வைத்திருக்கிறார்கள். அப்பா அதற்குள் குனிந்து நுழைந்தார். நடுவில் அடுப்பு, இரண்டு பக்கமும் கல் பலகை நிறுத்திய கட்டில்கள், வாசலுக்கு நேரெதிரே இரண்டு தட்டுள்ள கல் அலமாரி. அப்பா எதையும் பேசாமல், தட்டு தாங்கும் கல்லின் மேல் உள்ளங்கையை வைத்து ஓரத்தை நுனிவிரலால் தடவிக்கொண்டே போனார். பட்டறையில் இழைத்து முடித்த பலகையைத் தடவுவது போலவே. பிறகு சொன்னார்: "மரம் இல்லாத ஊர்ல ஆசாரி இருந்திருக்கான்டா."

அதற்கப்புறம் நடந்ததுதான் என்னை விடாமல் இருக்கிறது. வீடுகளின் கதவு நிலையில், குறுக்குத் தாழ்ப்பாள் செருகும் துளைகளை அப்பா தாமாகவே கண்டுபிடித்துக் காட்டினார். அங்கிருந்த வழிகாட்டி வியந்து, ஏழாம் வீட்டில் மட்டும் அந்தத் தாழ் வெளியிலிருந்து போடும்படி இருப்பதாகவும், அந்த வீடு மற்றவற்றிலிருந்து தள்ளி இருப்பதாகவும், அதன் சுவருக்கடியில் இரண்டு பெண்களின் எலும்புகள் கிடைத்ததாகவும் சொன்னார். அண்ணன் மொழிபெயர்த்தார். அப்பாவின் முகம் மாறிவிட்டது. "வெளியே தாழ் வச்சா அது வீடு இல்லையே" என்றார். அன்றிரவு தங்குமிடத்திலும் அதையே கேட்டார்: உள்ளே இருந்தது யார், பூட்டியது யார்? நான் பதில் தேடிப் படித்தேன். அறிஞர்களுக்குள்ளும் ஊகங்கள்தான் இருக்கின்றன. அப்பா 2021இல் காலமானார். தரங்கம்பாடியில் மாசிலாமணிநாதர் கோயிலின் முன்பகுதியைக் கடல் கொண்டதைப் பார்த்து நின்றபோதும் எனக்கு அந்தத் துளைதான் நினைவுக்கு வந்தது.

பிரேசர் டவுன்

சுருக்கமாக எழுதிவிடுகிறேன், ஏனென்றால் இதை இதுவரை யாரிடமும் சொன்னதில்லை. ஸ்கேலுக்கு வடக்கே பர்சே குடா. அங்கே பிரௌ என்னும் சிறு தீவுக்கு, கடல் வற்றும் நேரத்தின் இரண்டு பக்கமும் ஏறத்தாழ இரண்டிரண்டு மணி நேரம் மட்டும் நடந்து போகலாம்; பிறகு பாதை நீருக்குள் போய்விடும். நான் கரையில் திரும்பி நின்று, தீவைப் படமெடுத்துக்கொண்டிருந்தேன். பாதை மேல் தண்ணீர் ஏறத் தொடங்கியிருந்தது. எதிர்க்கரையில் சிவப்புச் சட்டை போட்ட ஒருவர் கையசைத்தார். நானும் புன்னகையோடு கையசைத்தேன். அவர் மீண்டும் அசைத்தார், இரண்டு கைகளாலும். நானும் அசைத்துவிட்டுக் காரில் ஏறி ஸ்ட்ரோம்னஸ் வந்துவிட்டேன்.

இரவு சாப்பிட உட்கார்ந்தபோதுதான் அது வணக்கம் அல்ல என்று எனக்கு உறைத்தது. உடனே அங்கேயே விசாரித்தேன். அடுத்த வற்றம் வரை அவர் தீவிலேயே காத்திருந்திருப்பார், பெரும்பாலும் குளிர்தான் வாட்டியிருக்கும் என்று விடுதிக்காரர் ஆறுதல் சொன்னார். இரண்டு கைகளையும் தூக்கி அசைத்தால் உதவி கேட்பதாகப் பொருள் என்பது எனக்கு அன்றுதான் தெரிந்தது. அந்த மூதாட்டி கை வீசியதைப் படித்ததும் என் நெஞ்சு அடைத்தது. நீங்கள் அதைப் புரிந்துகொண்டீர்கள்.

அல்சூர் ஏரிக்கரை

ஜெயநகர் ஐயாவின் மேல் எனக்கு வருத்தம் இல்லை. கண்ணீர் பற்றி அவர் எழுதியதை மகளுக்குப் படித்துக் காட்டினேன். இரண்டு முறை படிக்கச் சொன்னாள். அது அழவில்லை என்பது அவளுக்குப் பெரிய ஆறுதல். ஆனால் உடனே அடுத்த கேள்வியைக் கேட்டாள்: அழவில்லை என்றால் நம்மைப் பார்த்து ஏன் கத்தியது? தாயைக் கூப்பிட்டது என்றேன். அப்படியானால் தாய்க்கு அது கேட்டிருக்கும்தானே என்றாள்.

நாங்கள் அங்கே இருந்தது ஜூன் 27, செவ்வாய்க்கிழமை இரவு. குடாவின் நடுப்பகுதி, ஸ்கேல் மாளிகையைப் பார்த்தபடி நின்றால் வலப்பக்கம், பெரிய பாசிக் குவியலுக்கு அருகில். அன்றிரவு பத்து மணிக்கு மேல் அந்தக் கரையில் நடந்தவர்கள், இங்கே இல்லாவிட்டாலும் உங்களுக்குத் தெரிந்தவர்கள் யாராவது இருந்தால், மணலிலிருந்து தண்ணீர் வரை இழுபட்ட தடம் ஏதாவது இருந்ததா என்று மட்டும் கேட்டுச் சொல்லுங்கள்.