காயிலுக்குள்ள காந்தத்தை சும்மா வச்சா ஏன் கரண்ட் வரல?

பத்தாவது_பையன்:
எல்லாருக்கும் வணக்கம். ஸ்கூல் லேப்ல காயில் (கம்பிச் சுருள்), பார் மேக்னட், கால்வனாமீட்டர் (கரண்ட் வந்தா முள் ஆடிக் காட்டுற மீட்டர்) வச்சு மிஸ் செஞ்சு காட்டினாங்க. காந்தத்தை உள்ள தள்ளுனா முள் ஒரு பக்கம் ஆடுது, வெளிய இழுத்தா எதிர்ப்பக்கம் ஆடுது, அதெல்லாம் ஓகே. ஆனா உள்ளயே வச்சிட்டா முள் ஜீரோல வந்து நின்னுடுது. காந்தம் அங்கதான இருக்கு, புலமும் இருக்கு, அப்ப கரண்ட் மட்டும் எங்க போச்சு? காந்தப் பாயம் (காயில் வழியா போற காந்தப்புலத்தோட அளவு) மாறணும்னு புக்ல இருக்கு, மனப்பாடம் பண்ணி எழுதிடுவேன், ஏன் மாறணும்னுதான் புரியல. இன்னும் ஸ்ட்ராங்கான காந்தம் வச்சா வருமா?

டைனமோ_ரசிகன்:
எவ்ளோ பெரிய காந்தம் வச்சாலும் வராது தம்பி. சும்மா வச்சதுக்கே கரண்ட் வந்தா ஒரு பல்பை மாட்டி காலம் பூரா ஓசியில எரிய விடலாமே, அந்த எனர்ஜி எங்கிருந்து வரும்? வீட்ல பழைய டைனமோ வச்ச சைக்கிள் இருந்தா ஓட்டிப் பாரு. டைனமோவை டயர்ல சாய்ச்சு விட்டதும் பெடல் கனக்கும், அதுல கொஞ்சம் உரசல்தான், ஆனா லைட் ஒயரைக் கழட்டிட்டு மிதிச்சா அதே டைனமோ லேசா சுத்தும். அந்த வித்தியாசம்தான் லைட்டா எரியுது, உன் கால் குடுக்குற எனர்ஜி. இதைத்தான் 1834ல லென்ஸ்னு ஒரு விஞ்ஞானி விதியா சொன்னாரு, வர்ற கரண்ட் தன்னை உண்டாக்குன மாற்றத்தையே எதிர்க்கும்.

பிசிக்ஸ்_அக்கா:
மேல சொன்னது சரிதான், ஆனா அது "வரக்கூடாது"ன்னு சொல்லுது, எப்படி வரலன்னு சொல்லல. காந்தப்புலம் ஓடுற மின்னூட்டத்தைத்தான் தள்ளும், நிக்கிறதைக் கண்டுக்காது. கம்பியும் காந்தமும் அசையாம இருந்தா எலெக்ட்ரான்களை ஒரு திசையில தள்ள ஆளே இல்ல (வெப்பத்தால அதுங்க தாறுமாறா ஓடிக்கிட்டுதான் இருக்கும், ஆனா மொத்தத்துல கழிஞ்சிடும்). காந்தம் நகரும்போது புலம் மாறுது, மாறுற காந்தப்புலம் கூடவே ஒரு மின்புலத்தை உண்டாக்குது, அது நிக்கிற எலெக்ட்ரானையும் தள்ளும். உன் கேள்விக்குப் பதில் இவ்ளோதான்.

இதுல நீ மட்டும் குழம்பல, பெரிய ஆளுங்களே மாட்டியிருக்காங்க. 1820ல ஓர்ஸ்டெட்னு ஒரு விஞ்ஞானி கரண்ட் ஓடுற கம்பி பக்கத்துல காம்பஸ் முள் திரும்புறதைக் காட்டினதும், அப்ப காந்தத்துல இருந்து கரண்ட் எடுக்கலாமேன்னு பலபேர் இறங்கிட்டாங்க. ஜெனீவால கொலாடான்னு ஒருத்தர் 1825ல காயில் வச்சு ட்ரை பண்ணாரு, காந்தம் கால்வனாமீட்டர் முள்ளை நேரா இழுத்துடக் கூடாதுன்னு மீட்டரை வேற ரூம்ல வச்சாரு பாரு, காந்தத்தை உள்ள தள்ளிட்டு நடந்து போய்ப் பாக்குறதுக்குள்ள முள் ஜீரோவுக்கு வந்து நின்னுடுச்சு. அசிஸ்டன்ட் ஒருத்தர் மீட்டர்கிட்ட நின்னிருந்தா கதையே வேற. புலம் மாறும்போது மட்டும்தான் கரண்ட் வருதுங்கிறதை 1831ல ஃபாரடே லண்டன்ல பிடிச்சாரு.

பத்தாவது_பையன்:
அக்கா சூப்பர், இப்ப புரியுது. அப்ப காந்தத்தை அப்படியே வச்சிட்டு காயிலை ஆட்டினா? ரெண்டையும் சேத்து தூக்கிட்டு ஓடினா?

பிசிக்ஸ்_அக்கா:
காயிலை ஆட்டினா வரும். ரெண்டும் ஒரே வேகத்துல சேந்து போனா வராது, ஒண்ணை விட்டு ஒண்ணு விலகவே இல்லையே.

மோட்டார்_மெக்கானிக்:
டிரான்ஸ்பார்மரும் (ஒரே இரும்புல சுத்துன ரெண்டு காயில்) இதே கதைதான். ஒரு காயிலுக்கு டிசி (பேட்டரி மாதிரி ஒரே திசையில ஓடுற கரண்ட்) குடுத்தா இன்னொரு காயில்ல ஒண்ணும் வராது, ஸ்விட்ச் போடுறப்பவும் நிறுத்துறப்பவும் மட்டும் ஒரு தூக்கு தூக்கும். நிறுத்துறப்ப வர்றது நல்லா ஷாக் அடிக்கும், வீட்ல ட்ரை பண்ணாத. நம்ம வீட்டுக்கு வர்ற ஏசி கரண்ட் (திசை மாறி மாறி ஓடுறது) 50 ஹெர்ட்ஸ், செகண்டுக்கு 100 தடவை திசை மாறுது, அதனால அங்க காந்தத்தை யாரும் ஆட்டவே வேணாம், புலம் தானா மாறிக்கிட்டே இருக்கும்.