படகு சீட்டில் பூஞ்சணம், போகவே போகாத ரோஸ் நிறக் கறை: என்ன செய்வது?

அரியாங்குப்பத்தான்:
வணக்கம். புதுச்சேரிப் பக்கம் இருக்கிறேன். போன வருடம் 19 அடி ஃபைபர் படகு ஒன்று பழையதாக வாங்கினேன். ஞாயிற்றுக்கிழமை தூண்டில் போட, பிள்ளைகளை முகத்துவாரம் வரை கூட்டிப் போக, அவ்வளவுதான் உபயோகம்.

ஐப்பசி மழை பிடித்ததும் டிரெய்லரில் ஏற்றி வீட்டுப் பின்னால் நிறுத்தினேன். காக்கி கேன்வாஸ் உறை போட்டு, அதன்மேல் நீலத் தார்ப்பாயும் போட்டு, ஒரு சொட்டுகூட இறங்கக் கூடாது என்று கயிறு கட்டி இறுக்கினேன். பொங்கல் கழித்துப் பிரித்தால், மறந்துபோன டிபன் டப்பாவைத் திறந்த மாதிரி நாற்றம். வெள்ளை ரெக்சின் சீட் முழுக்கக் கறுப்புப் புள்ளி. பின் சீட்டில் உள்ளங்கை அகலத்துக்கு ரோஸ் நிறத்தில் ஒரு கறை. ஓரம் நெடுக பழுப்புப் பொட்டுகள். மேலே நிழலுக்கு இருக்கும் நீல டாப் துணியில் பச்சைப் பாசி. போன வாரத் தூறலுக்கு அது தலையிலேயே சொட்டியது.

ப்ளீச்சிங் பவுடரைக் குழைத்து ஒரு சீட்டில் பூசி ஒரு மணி நேரம் விட்டேன். கறுப்பு பாதி போனது. தையல் நூல் பஞ்சு பஞ்சாகப் பிரிகிறது. சுவர்க் கிறுக்கல் அழிக்கும் வெள்ளை ஸ்பாஞ்சால் தேய்த்த இடத்தில் பளபளப்பே இல்லை. ரோஸ் கறை அசையவே இல்லை. சீட்டை மாற்றத்தான் வேண்டுமா?

கட்டுமரம்77:
ரெக்சின்தானே? தின்னர் தொட்டுத் துடைங்க, எந்தக் கறையும் போயிடும்.

உப்புக்காற்று:
தயவுசெய்து தின்னர் வேண்டாம். பெட்ரோலும் வேண்டாம். ரெக்சின் என்பது துணிமேல் ஏற்றிய பிவிசி. அதை மெத்தென்று வைத்திருப்பது உள்ளே கலந்திருக்கும் ஒரு வகை எண்ணெய்ப் பொருள். தின்னர் அதை உறிஞ்சிவிடும். அன்றைக்குப் பளிச்சென்று இருக்கும், அப்புறம் விறைத்து வெடிக்கும். அந்த வெள்ளை ஸ்பாஞ்சும் அப்படித்தான்: தொட்டால் மெத்தென்று இருந்தாலும் அது நைசான உப்புத்தாள். மேல்பூச்சைச் சீவிவிட்டது, இனி அந்த இடத்தில்தான் அழுக்கு முதலில் ஒட்டும்.

கறுப்புப் புள்ளிக்கு முதலில் வெதுவெதுப்பான தண்ணீரில் பாத்திரம் கழுவும் சோப்புக் கரைசல், மெல்லிய பிரஷ். மிச்சத்துக்கு வெள்ளை வினிகரும் தண்ணீரும் சரிபாதி கலந்து தெளித்து, கால் மணி நேரம் விட்டுத் துடையுங்கள். ஆனால் ஒன்று: நீங்கள் ப்ளீச்சிங் பவுடர் போட்ட சீட் அது. தையல் மடிப்பு வரை தண்ணீர் விட்டு நன்றாக அலசாமல் வினிகர் ஊற்றாதீர்கள். இரண்டும் சேர்ந்தால் குளோரின் வாயு வரும். திறந்தவெளியில் வைத்தே செய்யுங்கள்.

கட்டுமரம்77:
சரி, தின்னரை வாபஸ் வாங்கிக்கிறேன். தேங்காய் எண்ணெய் தடவலாமா, பளபளப்புக்கு?

உப்புக்காற்று:
எறும்புக்கு விருந்து வைக்கவா?

தையல்மிஷின்:
தம்பி, அந்த ரோஸ் கறையைத் தேய்ப்பதை நிறுத்துங்கள். அது மேலே இல்லை. சீட்டுக்குள் ஈரம் ஊறிக் கிடக்கிற ஸ்பாஞ்சிலும் ரெக்சினின் பின்துணியிலும் ஒரு நுண்ணுயிர் வளரும். அது விடுகிற சாயம் ரெக்சினுக்குள் இருக்கும் அந்த எண்ணெய்ப் பொருளில் கரைந்து, உள்ளிருந்து வெளிப்பக்கம் வந்து நிற்கும். சட்டைப்பையில் பேனா கசிந்ததை வெளியிலிருந்து துடைக்கிற கதைதான். வெயிலில் காய்ந்தால் கொஞ்சம் வெளிறும். ஈரம் உள்ளே இருக்கும்வரை திரும்பி வரும்.

என் கடைக்கு இப்படி சீட் வந்தால் முதலில் அமுக்கிப் பார்ப்பேன். பின்பக்கப் பிளைவுட்டைக் கழற்றி, கறை இருக்கும் இடத்தில் ஸ்பாஞ்சைப் பிழியுங்கள். என்ன வருகிறது என்று சொல்லுங்கள், மேற்கொண்டு பேசலாம்.

அரியாங்குப்பத்தான்:
அண்ணா, பிழிந்தேன். அரை டம்ளர் தண்ணீர், டீ நிறத்தில்! பிளைவுட் கறுத்துப்போய் நகத்தால் கீறினாலே பெயர்கிறது. ஸ்டேப்ளர் பின் அத்தனையும் துரு.

தையல்மிஷின்:
அப்படியானால் பழுப்புப் பொட்டுக்கும் விடை கிடைத்துவிட்டது. அது பூஞ்சணம் இல்லை, பின்னின் துரு. துருக் கறைக்கு ப்ளீச் போட்டால் இன்னும் அழுத்தமாகப் பிடித்துக்கொள்ளும். ஆக்சாலிக் அமிலத்தை லேசாகக் கரைத்து, கையுறை போட்டுக்கொண்டு, பஞ்சால் ஒற்றி எடுத்து உடனே அலசுங்கள். அது விஷம், பிள்ளைகள் கைக்கு எட்டாமல் வையுங்கள்.

பின் சீட்டுக்கு ஸ்பாஞ்சும் பலகையும் புதிதாகப் போடுங்கள். படகுக்கென்று தண்ணீர் நிற்காமல் வடிகிற ஸ்பாஞ்ச் இருக்கிறது, விலை கூட. அது கிடைக்காவிட்டால் சாதா ஸ்பாஞ்சே போடலாம். ஒவ்வொரு தடவையும் காயவைக்கிற பொறுமை வேண்டும். பலகை மரைன் பிளைவுட்டாக (ஈரம் தாங்கும் ரகம்) இருக்கட்டும், அடியில் நாலு ஓட்டை போட்டு, வெட்டிய ஓரத்துக்குத் தண்ணீர் புகாதபடி எபாக்சி பிசின் பூசிவிடுங்கள். ஸ்டேப்ளர் பின் ஸ்டெயின்லெஸ் ஸ்டீலாக இருக்கட்டும். நூல் வெயில் தாங்கும் பாலியஸ்டர். கடைக்காரர் பருத்தி நூலை எடுத்தால் கையைப் பிடித்து நிறுத்துங்கள். ரோஸ் பிடித்த அந்த ஒரு துண்டு ரெக்சினை மட்டும் வெட்டி மாற்றினால் போதும். மற்ற சீட்டுகளையும் அமுக்கிப் பாருங்கள், காய்ந்திருந்தால் விட்டுவிடலாம்.

உப்புக்காற்று:
துணிக்கு வருகிறேன். டாப்பிலிருந்தும் உறையிலிருந்தும் ஓரத்து நூல் ஒன்று ஒன்று உருவி, வெளியே வைத்துக் கொளுத்திப் பாருங்கள். காகிதம் மாதிரி எரிந்து சாம்பலாக உதிர்ந்தால் பருத்தி. உருகிக் கறுப்பு மணியாகக் கெட்டிப்பட்டால் அக்ரிலிக்கோ பாலியஸ்டரோ.

அரியாங்குப்பத்தான்:
உறை சாம்பல். டாப் கறுப்பு மணி. டாப்பின் ஓரத்தில் சன்பிரெல்லா என்று சின்ன லேபிளும் இருக்கிறது, இப்போதுதான் பார்த்தேன்.

உப்புக்காற்று:
யோகக்காரர்! சன்பிரெல்லா என்பது அக்ரிலிக் துணி பிராண்ட். நூலாக்கும்போதே நிறம் கலந்துவிடுவதால் ப்ளீச்சுக்குச் சாயம் போகாது. கம்பியிலிருந்து கழற்றித் தரையில் விரியுங்கள். 4 லிட்டர் தண்ணீருக்கு கால் லிட்டர் திரவ ப்ளீச், 60 மில்லி மென்மையான சோப்பு. ப்ளீச்சிங் பவுடர் வேண்டாம், கரையாத துகள் தங்கிவிடும். தெளித்து 15 நிமிடம் விட்டு, மெல்லிய பிரஷால் தேய்த்து, சோப்பு நுரை வருவது நிற்கும் வரை அலசுங்கள். ப்ளீச் நூலில் தங்கினால் தையல்தான் முதலில் போகும். வெயிலில் காயட்டும், சூடான தண்ணீர், இஸ்திரி எதுவும் கூடாது.

சொட்டுவதற்குக் காரணம் வேறு. இந்தத் துணி தண்ணீரை உருட்டிவிடும், ரப்பர் மாதிரி அடைத்து நிறுத்தாது. உருட்டிவிடும் பூச்சு வருடக்கணக்கில் தேய்ந்துபோகும். முழுக்கக் காய்ந்தபின் 303 ஃபேப்ரிக் கார்ட் போன்ற பூச்சை அடியுங்கள். மறுநாள் தண்ணீர் தெளித்தால் சேப்பங்கிழங்கு இலைமேல் உருள்வது மாதிரி உருள வேண்டும். தையல் வரியில் மட்டும் சொட்டினால் அது ஊசி ஓட்டை. அந்த வரிக்கு மட்டும் தேன்மெழுகைத் தேய்த்தால் போதும்.

காக்கி உறைக்கு ப்ளீச் காட்டாதீர்கள், பருத்தி நைந்துவிடும். காயவைத்து, பிரஷால் பூஞ்சணத்தைத் தட்டி (மூக்கில் துணி கட்டிக்கொண்டு), பச்சைத் தண்ணீரில் கழுவி, கேன்வாஸுக்கான மெழுகுப்பூச்சு பூசுங்கள்.

இத்தனைக்கும் குற்றவாளி அந்த நீலத் தார்ப்பாய்தான். கேன்வாஸ் மூச்சு விடும், அது விடாது. அடியில் தேங்கிய தண்ணீர் பகலில் ஆவியாகித் தார்ப்பாயில் முட்டி, ராத்திரி சொட்டாகச் சீட்டில் விழுந்திருக்கிறது. வெளி மழையைத் தடுத்துவிட்டு உள்ளே ஒரு மழைக்காலம் நடத்தியிருக்கிறீர்கள். நடுவில் ஒரு முட்டுக்கம்பு கொடுத்துக் கூரை மாதிரிச் சரிவாக்கி, பக்கவாட்டில் காற்று போக வழி விடுங்கள். முன்பக்கத்தைத் தூக்கி நிறுத்தி தண்ணீர் வடிய அடி பிளக்கைத் திறந்துவிடுங்கள். குஷன்களை வீட்டுக்குள் எடுத்துச் செங்குத்தாகச் சாய்த்து வையுங்கள்.

ஏரிக்கரை:
இடையில் ஒரு கேள்வி. முன்னால் ஜன்னல் மாதிரி இருக்கும் தெளிவான பிளாஸ்டிக்கைக் கண்ணாடி துடைக்கும் திரவத்தால் துடைக்கலாமா?

உப்புக்காற்று:
அம்மோனியா இருந்தால் மங்கிவிடும். நல்ல தண்ணீர் ஊற்றி உப்பைக் கழுவிவிட்டு மெல்லிய துணி. மடிக்காமல் சுருட்டி வையுங்கள்.

அரியாங்குப்பத்தான்:
மூன்று வாரம் ஆயிற்று, வந்து சொல்லிவிட்டுப் போகலாம் என்று வந்தேன். பின் சீட் புதுப் பலகை, புது ஸ்பாஞ்சோடு வந்துவிட்டது. கறுப்புப் புள்ளி வினிகரில் பெரும்பாலும் போனது. தையல் மடிப்பில் கொஞ்சம் நிழல் தெரிகிறது, பரவாயில்லை. துருப்பொட்டு இரண்டாவது தடவையில் போய்விட்டது. டாப்பில் தண்ணீர் உருள்கிறது. பெரியவன் பத்து தடவை குவளையில் ஊற்றிப் பார்த்தான். வெள்ளை ஸ்பாஞ்சால் சீவிய இடம் மட்டும் மங்கல்தான்.

தையல்மிஷின்:
அந்த இடத்தில் நீங்கள் உட்கார்ந்துகொள்ளுங்கள், தெரியாது. தார்ப்பாய் என்ன ஆயிற்று?

அரியாங்குப்பத்தான்:
மாமியார் வீட்டு விறகுமேல் கிடக்கிறது அண்ணா.