வெள்ளையன் கடிச்சுட்டான்

குழு: ஆலமரத்து வீடு

சனிக்கிழமை, மாலை 5.40

அக்கா: டேய் கார்த்தி எங்கடா இருக்க. போன் எடுக்க மாட்டியா

அக்கா: உன் வெள்ளையன் மீனு கையைக் கடிச்சுட்டான்

அக்கா: [புகைப்படம்]

கார்த்தி: வண்டில இருந்தேன்க்கா. என்னது?? எப்போ?

அக்கா: இப்பத்தான். அவன் தூங்கிட்டு இருந்தான். இவ பேரைச் சொல்லிக் கூப்பிட்டுக்கிட்டே போய் முதுகுல கை வச்சிருக்கா. லபக்குன்னு திரும்பிக் கடிச்சுட்டான். ரெண்டு பல்லு இறங்கியிருக்கு. ரத்தம் வந்துச்சு

அம்மா: குட்டிதானடி. பால் பல்லு, விஷம் இருக்காது. மஞ்சளைக் குழைச்சுப் போடு

சாத்தூர் மாமா: மஞ்சள் கேக்காது. சுண்ணாம்பும் மிளகாப்பொடியும் வச்சு இறுக்கிக் கட்டுங்க. எங்க அய்யா காலத்துல அதான் வைத்தியம்

நாமக்கல் மதினி: யாரும் எதையும் வைக்காதீங்க!

நாமக்கல் மதினி: செல்வி, குழாயைத் திறந்து ஓடுற தண்ணில சோப்பு போட்டுக் கழுவு. 15 நிமிஷம். மனக்கணக்கு வேணாம், கடிகாரத்தைப் பாரு

அக்கா: துணி சோப்புதான் கைக்கு எட்டுது மதினி

நாமக்கல் மதினி: எதுவானாலும் சரி. ரேபிஸ் கிருமிக்கு மேல கொழுப்புல ஒரு உறை இருக்கு, சோப்பு அதைக் கரைச்சுரும். கழுவுறதுதான் முதல் மருந்தே. மிளகாப்பொடி வச்சா காயம் புண்ணாகி, கிருமி நரம்புக்குள்ள போக வழிதான் கிடைக்கும்

சாத்தூர் மாமா: [பலமுறை பகிரப்பட்டது] நாய்க்கடிக்கு 3 நாளில் குணம் தரும் அதிசயப் பச்சிலை!! இதை 10 பேருக்கு அனுப்பவும்

திவ்யா: மாமா ப்ளீஸ்

பெரியப்பா: ஊசி போடணுமாம்மா? வீட்டு நாய்தானே

நாமக்கல் மதினி: போடணும் மாமா. வீட்டு நாயா தெரு நாயாங்கிறது பேச்சில்ல, ஊசி போட்ட நாயாங்கிறதுதான் பேச்சு. கார்த்தி, குட்டியோட அட்டையை அனுப்பு

கார்த்தி: வித்தவர் எல்லா ஊசியும் போட்டாச்சுன்னாரு மதினி

கார்த்தி: [புகைப்படம்]

நாமக்கல் மதினி: இதுல ஒரே ஒரு ஸ்டிக்கர். அது பார்வோ, டிஸ்டெம்பர்னு குட்டிகளுக்கு வர்ற வேற நோய்களுக்கு. ரேபிஸ் ஊசி மூணு மாசம் ஆனப்புறம்தான் போடுவோம். இவனுக்கு ரெண்டு மாசம் தாண்டி எத்தனை நாள் ஆச்சு? அப்ப "எல்லா ஊசியும்" எங்கேர்ந்து வந்துச்சு

நாமக்கல் மதினி: தாய் நாய்க்கு போட்டிருந்தாங்களா? கேட்டியா?

கார்த்தி: கேக்கல

அக்கா: கழுவிட்டேன் மதினி. அழுறா. கட்டுப் போடவா

நாமக்கல் மதினி: வேணாம், திறந்தே இருக்கட்டும். தையலும் கூடாது. பெரியாஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போ. தோல் கிழிஞ்சு ரத்தம் வந்தா அது மூணாம் வகைக் கடி. தடுப்பூசி மட்டும் பத்தாது, கிருமியை உடனே எதிர்க்கிற இம்யூனோகுளோபுலின் மருந்தும் வேணும். அதைக் காயத்துக்குள்ளயும் சுத்தியும் போடுவாங்க, எடைக்கு ஏத்த அளவு. வலிக்கும், கையைப் பிடிச்சுக்கோ. கீறல் மட்டும் விழுந்து ரத்தம் வராம இருந்தா ரெண்டாம் வகை, தடுப்பூசி போதும். டெட்டனஸுக்கு டிடி ஊசியும் கேட்டுக்கோ

பெரியப்பா: பாவம் புள்ள. தொப்புளைச் சுத்தி 14 ஊசி. என் தம்பிக்குப் போட்டப்ப நாலு பேரு பிடிச்சோம்

நாமக்கல் மதினி: மாமா அது பழைய கதை! அது ஆட்டு மூளைல செஞ்ச மருந்து. 2004லயே நிறுத்திட்டாங்க. இப்ப கைல, தோலுக்குள்ள துளியூண்டு. இன்னிக்கு, 3ம் நாள், 7ம் நாள், 28ம் நாள். அரசாங்க ஆஸ்பத்திரில காசில்ல

பெரியப்பா: அப்ப சரி. குன்னூர்ல இருந்து மருந்து வரணும்னு நாள் கணக்கா காத்திருந்தது ஞாபகம் வந்துருச்சு

கார்த்தி: ஆட்டோ வாசல்ல நிக்குதுக்கா. கிளம்பு

இரவு 9.15

அக்கா: போட்டாச்சு. ரெண்டு கைலயும் ஒவ்வொண்ணு, அப்புறம் காயத்தைச் சுத்தி. கத்துன கத்துல பக்கத்துல இருந்த தாத்தா எழுந்து வேற இடத்துக்குப் போயிட்டாரு

அம்மா: ஊசி முடியுற வரைக்கும் கறி, கத்தரிக்கா, கருவாடு ஆகாது. தலைக்குத் தண்ணியும் ஊத்தாத

நாமக்கல் மதினி: அத்தை, ஒரு பத்தியமும் இல்ல. எல்லாம் சாப்பிடட்டும், குளிக்கட்டும்

அம்மா: எதுக்கும் ஒரு வாரம் கத்தரிக்கா வேணாம்

சாத்தூர் மாமா: சரி, அந்த நாயை என்ன செய்யப் போறீங்க. வித்தவன்கிட்டயே திருப்பிக் குடுத்துட்டு வேற குட்டி வாங்குங்க. 15,000 ரூபா சும்மாவா வந்துச்சு

நாமக்கல் மதினி: பத்து நாளைக்கு அவன் எங்கயும் போகக்கூடாது. கண்ணு முன்னாடி இருக்கணும். நாய் எச்சில்ல கிருமி இருக்குன்னா அந்தப் பத்து நாளுக்குள்ள அதுக்கே சீக்கு வெளிய தெரிஞ்சுரும். நல்லாத் திரிஞ்சான்னா 28ம் நாள் ஊசி தேவையாங்கிறதை டாக்டர் சொல்வாரு. அதுக்காக மத்த ஊசியைத் தள்ளிப் போடக் கூடாது

சாத்தூர் மாமா: அப்ப மாடில சங்கிலி போட்டுக் கட்டு

திவ்யா: மதுரை வெயில்ல, மொட்டை மாடில, ரெண்டு மாசக் குட்டியை?

கார்த்தி: அவன் கெட்டவன் இல்ல மாமா. கொஞ்சம் திமிரு, அவ்வளவுதான். கூப்பிட்டா வரமாட்டான், அதட்டுனாலும் கண்டுக்க மாட்டான். ராஜபாளையம் அப்படித்தான் இருக்கும்னு சொன்னாங்க. நேத்து எடுத்தது இது, பாருங்க எவ்வளவு சமத்துன்னு

கார்த்தி: [காணொளி 0:38]

அம்மா: தங்கம். எப்படித் தூங்குது பாரு

திவ்யா: அய்யோ அந்த ரோஸ் மூக்கு

கார்த்தி: உடம்புல ஒரு புள்ளி கிடையாது. சுத்த வெள்ளை. அதுக்குத்தான் அந்த விலை

நாமக்கல் மதினி: கார்த்தி, வீடியோல குக்கர் விசில் எத்தனை?

கார்த்தி: என்னது

திவ்யா: மூணு. முதல் விசிலுக்கு நானே பதறிட்டேன்

நாமக்கல் மதினி: அவன் காதைப் பாரு. மூணு விசிலுக்கும் ஒரு துடிப்புகூட இல்ல. எவ்வளவு அசந்து தூங்குற நாய்க்கும் காது மட்டும் முழிச்சிருக்கும்

கார்த்தி: அப்படின்னா?

நாமக்கல் மதினி: காலைல ஒண்ணு செய். அவன் தூங்கறப்ப பக்கத்து அறைல நின்னு எவர்சில்வர் தட்டைக் கரண்டியால தட்டு. கிட்டப் போகாத, தரைல காலை ஓங்கி மிதிக்காத. அதிர்வுலயும் காத்துலயும்கூட முழிச்சுக்குவான், அதை வச்சு ஏமாந்துரக் கூடாது. முழிச்சிருக்கும்போதும் முதுகுப் பக்கமா நின்னு செஞ்சு பாரு

ஞாயிற்றுக்கிழமை, காலை 7.50

கார்த்தி: மதினி

கார்த்தி: தட்டு, சாவிக்கொத்து, பூஜை மணி எல்லாம் அடிச்சுப் பாத்துட்டேன். கீழ் வீட்டுக்காரரு என்ன விசேஷம்னு மேல வந்துட்டாரு. அவன் அசையவே இல்ல

அம்மா: செவிடா? அடப்பாவமே

நாமக்கல் மதினி: அப்படித்தான் தெரியுது. உறுதியாச் சொல்ல மூளைக்குப் போற சிக்னலை அளக்கிற டெஸ்ட் இருக்கு, எல்லா ஊர்லயும் கிடையாது. ஆனா இவ்வளவு சத்தத்துக்கும் திரும்பலேன்னா ரெண்டு காதும் போயிருக்கும். ஒரு காது மட்டும் போன குட்டியை வீட்ல கண்டுபிடிக்கவே முடியாது, இருக்கிற காதை வச்சு சமாளிச்சுரும்

கார்த்தி: காதுல சொட்டு மருந்து விட்டா?

நாமக்கல் மதினி: பிறவிலயே வந்தது, மருந்து கிடையாது. தோலுக்கு நிறம் குடுக்கிற செல்லு இருக்குல்ல, அது உள்காதுக்குள்ளயும் வேணும். அங்க அது இல்லேன்னா பிறந்த சில வாரத்துலயே உள்ள இருக்கிற நுண்ணிய மயிர்ச் செல்லெல்லாம் செத்துரும். டால்மேஷன் நாய்க்கும் இதே கதைதான். வெள்ளை நாயெல்லாம் செவிடுன்னு நினைச்சுராதீங்க, நிறைய ராஜபாளையத்துக்கு நல்லாவே காது கேக்கும். ஆனா புள்ளி இல்லாம, ரோஸ் மூக்கா வேணும்னு பொறுக்கிப் பொறுக்கி, சொந்தத்துக்குள்ளயே சேர்த்தா இது கூடத்தான் செய்யும்

கார்த்தி: நான் போட்டிருந்த புள்ளி மேட்டரை அழிச்சுரலாமா

திவ்யா: லேட். ஸ்கிரீன்ஷாட் எடுத்தாச்சு

பெரியப்பா: அந்தக் காலத்துல எங்க ஊர்ப்பக்கம் காது கேக்காத குட்டியை என்ன செய்வாங்கன்னு எனக்குத் தெரியும். இங்க எழுத வேணாம், பிள்ளைங்க படிக்கும்

நாமக்கல் மதினி: அதனாலதான் மாமா திருப்பிக் குடுக்க வேணாங்கிறேன். திருப்பிக் குடுத்தா அவரு அதை என்ன செய்வாருன்னு நமக்குத் தெரியாது. இன்னொருத்தர் தலைல கட்டலாம், இல்ல இனப்பெருக்கத்துக்கு வச்சு இன்னும் பத்து செவிட்டுக் குட்டிக்கு அப்பனாக்கலாம்

சாத்தூர் மாமா: வித்தவனைச் சும்மா விடலாமா? காசாவது திரும்பக் கேளுங்க

நாமக்கல் மதினி: தாராளமாக் கேக்கலாம். காசைக் கேளுங்க, நாயைக் குடுக்காதீங்க. அந்த ஜோடியைத் திரும்பச் சேர்க்காதீங்கன்னும் சொல்லுங்க

அக்கா: எல்லாரும் நாயைப் பத்தியே பேசுறீங்க. நாளைக்கு மீனு திரும்பப் போய் தொட்டா? திரும்பக் கடிச்சா?

அக்கா: மூஞ்சியைக் கடிச்சிருந்தா என்ன செஞ்சிருப்போம்

நாமக்கல் மதினி: நியாயமான கேள்வி செல்வி. அவன் கோபத்துல கடிக்கல, பயத்துல கடிச்சான். நீ அசந்து தூங்கறப்ப யாரோ பின்னாடி வந்து முதுகைப் பிடிச்சா? அதுவும் இருட்டுல, சத்தமே இல்லாத உலகத்துல. ஆனா பயத்துல கடிச்சாலும் கடி கடிதான், அதை நான் மறுக்கல

நாமக்கல் மதினி: அவன் படுக்கையை நடைபாதைல இருந்து எடுத்து ஒரு மூலைல போடுங்க, முதுகு சுவரைப் பாத்து இருக்கட்டும். தூங்கறப்பவும் திங்கிறப்பவும் பிள்ளைங்க கிட்ட போகவே கூடாது. பெரியவங்க எழுப்பணும்னா முதல்ல கையை மூக்குக்கு நேரா நீட்டுங்க, வாசனைல முழிப்பான். முழிச்ச உடனே ஒரு துண்டு கறி. ஒரு நாளைக்கு நாலஞ்சு தடவை இப்படிச் செஞ்சா, தூக்கம் கலைஞ்சா நல்லதுதான் நடக்கும்னு அவன் மனசுல பதிஞ்சுரும்

அக்கா: பதியுற வரைக்கும் மீனு மாடிக்கு வரமாட்டா. சொல்லிட்டேன்

நாமக்கல் மதினி: சரிதான், நானே அதைத்தான் சொல்வேன். ரெண்டு மூணு மாசம் பாக்கலாம். அப்பவும் பதறிக் கடிச்சான்னா பிள்ளைங்க இல்லாத வீடா நானே தேடித் தரேன்

கார்த்தி: நான் எப்படி மதினி அவன்கிட்ட பேசுறது? வா, உக்காருன்னு

நாமக்கல் மதினி: கையால. நாய்க்கு வார்த்தையைவிட சைகை சீக்கிரம் ஏறும், காது கேக்கிற நாய்க்கும் அப்படித்தான். உக்காருக்கு ஒரு சைகை, வாவுக்கு ஒரு சைகை, சபாஷுக்குக் கட்டைவிரல். வீட்ல எல்லாரும் ஒரே மாதிரி காட்டணும், ஆளுக்கு ஒரு பாஷை கூடாது. ராத்திரி கூப்பிட டார்ச்சை ஒரு தடவை மினுக்கு. லேசர் லைட்டு மட்டும் வேணாம், அதைத் துரத்தித் துரத்திப் பைத்தியமாயிரும்

நாமக்கல் மதினி: வாசல் தாண்டுனா வாரு இல்லாம விடவே கூடாது. ஓடறதுக்குன்னே பிறந்த வேட்டை நாய், பின்னாடி லாரி வந்தா தெரியாது. ஆனா தினமும் ஓட விடணும், சுத்துச்சுவர் உள்ள இடமா பாரு. பார்வோ ஊசியெல்லாம் முடியுற வரைக்கும் ரோட்டுல இறக்காத. கழுத்துல "காது கேக்காது"ன்னு எழுதி உன் நம்பரோட தகடு மாட்டு. வயசு வந்ததும் கருத்தடை

சாத்தூர் மாமா: ஒரு நல்லது. தீபாவளிக்கு வெடிச் சத்தத்துல கட்டிலுக்கடியில ஒளிய மாட்டான்

திவ்யா: மாமா சொன்னதுலயே உருப்படியானது இதுதான்

அம்மா: நேத்து மிச்சம் சாம்பார் சோறு இருக்கு, அவனுக்கு வைக்கவா

நாமக்கல் மதினி: சின்ன வெங்காயம் போட்ட சாம்பாரா அத்தை?

அம்மா: வெங்காயம் இல்லாம சாம்பாரா

நாமக்கல் மதினி: அப்ப வேணாம். வெங்காயம், பூண்டு ரெண்டும் நாய்க்கு ரத்தத்தைக் கெடுக்கும். திராட்சை, சாக்லேட்டும் ஆகாது. வேகவச்ச கோழி எலும்பு உடைஞ்சு குடலைக் குத்தும். உப்பில்லாத சோறு, எலும்பில்லாத கறி, முட்டை வைங்க. காய்ச்சல்னா நம்ம மாத்திரையை உடைச்சுக் குடுத்துராதீங்க, எனக்குப் போன் போடுங்க

அம்மா: இத்தனை வருஷமா கருப்பனுக்கு சாம்பார்தானேம்மா ஊத்துனேன்

பெரியப்பா: அது உங்க சாம்பாரைத் தாங்குன நாய். நம்மளும் தாங்குறோம்

செவ்வாய்க்கிழமை, மாலை 6.20

அக்கா: 3ம் நாள் ஊசி போட்டாச்சு. இந்தத் தடவை அழல

கார்த்தி: வெள்ளையன் நல்லாத் திங்கிறான், தண்ணி குடிக்கிறான். "உக்காரு" சைகை பிடிச்சுக்கிட்டான்

கார்த்தி: [காணொளி 0:14]

நாமக்கல் மதினி: அருமை. ஆனா நீ சைகையும் காட்டி வாயாலயும் கத்துற

கார்த்தி: பழக்கதோஷம்

அக்கா: மீனு அந்த வீடியோவ நாலு தடவை போட்டுப் பாத்துட்டா. கீழேர்ந்து படிக்கட்டுல நின்னு அவளும் கை காட்டுறா. மாடிக்கு மட்டும் விடல

சாத்தூர் மாமா: வித்தவன்கிட்ட நானே பேசுனேன். பாதிப் பணம் தரேங்கிறான், நாயைத் திருப்பிக் குடுத்தா முழுசும் தரானாம்

கார்த்தி: பாதி போதும் மாமா

நாமக்கல் மதினி: அதுல முதல்ல அவனோட அடுத்த தடுப்பூசியைப் போடு, எப்போன்னு நான் அட்டையைப் பாத்துச் சொல்றேன். குடல்புழு மருந்தும் பாக்கி. செல்வி, அடுத்த ஊசி வர்ற சனிக்கிழமை, ஆஸ்பத்திரி சீட்டைத் தொலைச்சுராத

சாத்தூர் மாமா: சனிக்கிழமை நான் கூட வரேன்

அக்கா: வாங்க மாமா. பச்சிலை மட்டும் கொண்டு வராதீங்க